தப்பிப் போன ஆடு

2025 பிப்ரவரி 19, புதன்

இன்றைக்கு மிஷின் ஊமையாகிவிட்டது. பெல்ட்டில் வருகிற பிஸ்கட் பாக்கெட்டுக்குள் இரும்புத் துண்டு ஏதாவது இருந்தால் கத்துகிற மிஷின். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு குச்சி இருக்கிறது, நுனியில் கடுகளவு இரும்பு வைத்தது. மணிக்கு ஒரு தடவை அதை பெல்ட்டில் விட வேண்டும். கத்தினால் நல்லது.

பதினோரு மணிக்கு ஜெயசித்ரா குச்சியை விட்டாள். சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப விட்டாள்.

"அக்கா, இது உங்க வூட்டுக்காரர் மாதிரி ஆயிடுச்சு. இன்னா குத்தினாலும் பேச மாட்டேங்குது."

"அவராவது சோத்துக்கு வாயத் தொறப்பாருடி" என்றேன். லைனே சிரித்தது.

சூப்பர்வைசர் சுப்பராயலு சாரிடம் போய், "சார், மிஷினுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, மிளகு ரசம் வைக்கட்டுமா?" என்றேன். அவருக்குச் சிரிக்க நேரமில்லை. லாரி நின்றுகொண்டிருந்தது. "மெக்கானிக் மூணு மணிக்குத்தான் வருவான். ஓடட்டும். ரிஜிஸ்டர்ல போட்டுடு கிரேஸ்."

போட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. நாலு கட்டத்திலும் 'ஓகே', பக்கத்தில் வாலை நீட்டி என் பேர். மிஷினைப் பார்ப்பது யாராக இருந்தாலும் சாயந்திரம் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவது நான்தான். மற்றவர்கள் எழுதினால் கோழி கிளறினது போல இருக்கும். ஜெயசித்ரா பள்ளிக்கூடமே போனதில்லை. நான் அஞ்சாவதுதான். ஆனால் கான்வென்ட் சிஸ்டர் விரல் முட்டியில் அடித்து அடித்து வரவழைத்த எழுத்து. இந்த டைரியைப் புத்தாண்டுக்குக் கொடுத்தபோது மேனேஜரே சொன்னார், "உங்க கையெழுத்துக்குத்தான் இது."

மத்தியானம் அவளுடைய டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. என்னுடையதில் மொச்சை. மாற்றிக்கொண்டோம்.

பிப்ரவரி 20

மிஷின் நேற்று மூணு மணிக்கே சரியாகிவிட்டது. காலையிலிருந்து கத்துகிறது. என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் இன்னும் சரியாகவில்லை.

பிப்ரவரி 26

ஜெயசித்ரா என் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே ஒரே ஒரு உப்புக்கல். "இன்னாடி இது?" என்றேன். "வெறும் டப்பா குடுக்கக் கூடாதுக்கா, வூட்ல வேற ஒண்ணும் இல்ல." நாளைக்கு அவளுடைய டப்பாவில் ஒரு கறிவேப்பிலை போட்டுக் கொடுக்கப் போகிறேன். ஒரு கொத்து கூட இல்லை, ஒரே ஒரு இலை.

மார்ச் 4, செவ்வாய்

திண்டிவனம் பக்கம் ஒரு குழந்தை எங்கள் பிஸ்கட்டைக் கடித்து நாக்கு கிழிந்துவிட்டதாம். உள்ளே கம்பி முள். தட்டு தேய்க்கிற பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்தது. பாக்கெட்டில் போட்டிருந்த தேதி பிப்ரவரி 19.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் யாருக்கு வேலை போகும் என்று பேசினோம். ஜெயசித்ரா மட்டும் கேட்டாள், "அந்தக் கொழந்தைக்கு இப்ப எப்டி இருக்குதாம்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நாலு கட்டம்தான் கண்ணுக்குள் நின்றது.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசை முடித்து நெற்றிச் சாம்பலோடு வேலைக்குப் போனேன். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சரண்யா மேடம், எச்.ஆர்., என் மகளை விட நாலு வயது கூட இருப்பாள். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் மேடம்."

"நாலு தடவை செக் பண்ணி ஓகேன்னு போட்டிருக்கீங்க."

"மிஷின் கத்தலைன்னு சார்கிட்ட சொன்னேன் மேடம். அவருதான் ஓடட்டும், போட்டுடுன்னு—"

சுப்பராயலு சார் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். "நானா? நான் எப்ப கிரேஸ் சொன்னேன்?" கோபமே இல்லை. அவ்வளவு அன்பாகக் கேட்டார். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"போலீஸ் கேஸ் ஆச்சுன்னா கையெழுத்து யாருதோ அவங்கதான்" என்றாள் மேடம்.

வெளியே வந்து முகம் கழுவினேன். சாம்பலும் போய்விட்டது.

மார்ச் 7, வெள்ளி

சஸ்பெண்ட். பதினாலு வருஷம்.

பஸ் ஏறுகிற வரைக்கும் ஜெயசித்ரா கூட வந்தாள். "தவக்காலம்னு கருவாடு எடுத்தாரலக்கா, கத்தரிக்கா வச்சேன், நீ துன்னவே இல்ல" என்று தன் டப்பாவை என் பையில் திணித்தாள். என் டப்பா அவளிடமே நின்றுவிட்டது.

தனிஸ்லாஸ் சாப்பிட்டு முடிக்கிற வரை சொல்லவில்லை. சொன்னதும் "ம்" என்றார். கை கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை "ம்" என்றார். கொத்து வேலைக்குப் போகிற மனுஷன், கல்லோடு பழகிக் கல்லாகவே ஆகிவிட்டார் என்று கிண்டல் பண்ணுவேன். இன்றைக்கு வாய் வரவில்லை.

மகள் ஷெரின்தான் குதித்தாள். "உன்ன ஸ்கேப்கோட் ஆக்கிட்டாங்கம்மா!"

"கோட்டுன்னா ஆடுதானே? நானாடி ஆடு?" சிரித்துக் காட்டினேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 8, சனி

அந்த வார்த்தை மண்டையிலேயே சுற்றியது. ஷெரினைக் கேட்டேன். பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாம் வருஷம், அவளுக்குத் தெரியாததா.

"ரெண்டு வார்த்தைய ஒட்ட வச்சதும்மா. ஸ்கேப்னா எஸ்கேப். அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்வாங்களாம். தப்பிச்சுப் போற ஆடு. ஐந்நூறு வருஷம் முன்னாடி பைபிள இங்கிலீஷ்ல எழுதுன ஒருத்தர் உண்டாக்குனது."

"பைபிள்ல எங்கடி இருக்குது?"

லேவியர் ஆகமம் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் வீட்டில் இருக்கிற புத்தகம், அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. விரல் வைத்து வைத்துப் படித்தேன். இரண்டு ஆட்டுக்கடா. குரு சீட்டுப் போடுகிறார். ஒரு சீட்டு விழுந்த ஆடு ஆண்டவருக்கு, அதை வெட்டிவிடுவார்கள். மற்றதை வெட்டுவதில்லை. அதன் தலைமேல் குரு இரண்டு கையையும் வைத்து, ஊர் செய்த பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறார். எல்லாம் ஆட்டின் தலையில் இறங்கிவிடுகிறது. ஓர் ஆள் அதை ஓட்டிக்கொண்டு போய் வனாந்தரத்தில் விட்டுவிட்டு வருகிறான்.

பழைய தமிழ் பைபிளில் போக்காடு என்று போட்டிருக்குமாம். மூல பாஷையில் அது ஆட்டின் பேரா, ஒரு பிசாசின் பேரா, ஒரு மலையின் பேரா என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லையாம்.

"அப்ப இது தப்பிச்ச ஆடுதானே? மாட்டிக்கினவள எதுக்குடி அந்தப் பேர் வச்சுக் கூப்புடறாங்க?"

"பழி சுமக்கிற ஆளுங்கிற அர்த்தம் அப்புறம் முந்நூறு வருஷம் கழிச்சு வந்ததும்மா."

"இங்கிலீஷ்காரனுக்கு என்ன விட கிண்டல் ஜாஸ்தி."

ஷெரின் சிரித்தாள். நேற்று ராத்திரியிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூசையில் சாமியார் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. அந்த ஆடு அப்புறம் எங்கே போயிருக்கும்? வனாந்தரத்தில் தண்ணி உண்டா? பைபிளில் அதுக்கு மேல் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மார்ச் 12, புதன்

சுப்பராயலு சார் வீட்டுக்கு வந்தார். பைக்கில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, சாவு விசாரிக்க வருகிற மாதிரி.

"கிரேஸ், நீ பர்மனென்ட். உன்ன வுடறதுக்குக் கம்பெனிக்கும் மனசில்ல. கையெழுத்து மட்டுந்தான நீ போட்ட? குச்சி வுட்டது யாரு?"

அவருக்குத் தண்ணி எடுத்து வந்து வைத்தேன்.

"ஜெயசித்ராதான? மிஷின் கத்தலைன்னு அவ உன்கிட்ட சொல்லவேயில்ல. அவ எல்லாம் ஓகேன்னா, நீ நம்பிப் போட்டுட்ட. அவ்ளோதான். உன் கையால எழுதிக் குடு."

"அவ சொன்னா சார். நான் உங்ககிட்ட சொன்னேன்."

"அவ கான்ட்ராக்ட்டு. இங்க இல்லன்னா வேற கம்பெனி. உனுக்கு இந்த வயசுல யாரு வேல குடுப்பாங்க? பொண்ணு படிச்சிக்கினு இருக்குது. நாளைக்கே போலீஸ் வூட்டு வாசல்ல வந்து நின்னா?"

வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13

தனிஸ்லாஸைக் கேட்டேன். "நீயே பாத்துக்க" என்றார். என்னத்தைப் பார்க்கிறது?

மார்ச் 14, வெள்ளி

எழுதிவிட்டேன்.

ஒரு பக்கம். அடித்தல் திருத்தல் கிடையாது. எழுத்து முத்து முத்தாக வந்திருந்தது. கை நடுங்கியிருக்கக் கூடாதா?

மார்ச் 17, திங்கள்

திரும்ப வேலையில் சேர்ந்தேன். ஷெரினிடம் உண்மை தெரிந்து கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டு, "சொன்னேன்ல, நீ எஸ்கேப்!" என்றாள்.

ஜெயசித்ராவின் ஸ்டூலில் திருபுவனையிலிருந்து ஒரு புதுப் பெண். குச்சியை எப்படி விடுவது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மணிக்கொரு தடவை மிஷின் ஒழுங்காகக் கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். லைனில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 19

ஜெயசித்ரா போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

மார்ச் 20

ரெண்டு தடவை.

மார்ச் 23, ஞாயிறு

அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் தடவை கண்ணில் படாத ஒன்று. ஆட்டை விட்டுவிட்டு வந்தவன் துணியைத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டுமாம்.

அவன் பேர் என்ன என்று ஷெரினைக் கேட்டேன். தேடிப் பார்த்தாள். "பேர் போடலம்மா. ஒரு ஆளுன்னுதான் இருக்குது."

யூனிபார்ம் கோட்டைத் துவைத்தேன். நேற்றுத் துவைத்ததுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஈஸ்டருக்குமுன் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முட்டி போட்டதும், தனிஸ்லாஸிடம் எரிந்து விழுந்தது, ஞாயிறு பூசைக்குத் தாமதமாகப் போனது, பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை குண்டாக இருக்கிறாள் என்று அவளை 'சிலிண்டர்' என்று கூப்பிட்டது எல்லாம் சொன்னேன். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வேறம்மா?" என்றார்.

"அவ்ளோதான் சாமி."

பாவத்துக்குப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றுதான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தனிஸ்லாஸ் ஆட்டுத்தலை வாங்கி வந்தார். எனக்குப் பிடிக்கும் என்று. அந்த மனுஷன் பேசாமல் செய்கிறதெல்லாம் இப்படித்தான். வாட்டிக் கொடுத்ததைச் சுரண்டிக் கழுவ வேண்டும். வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஷெரின் வந்து மூடினாள்.

"இன்னாம்மா?"

"முதுகு பிடிச்சிக்கிச்சு."

"சித்து அக்கா ஏம்மா இந்த ஈஸ்டருக்கு வரல?"

ஜெயசித்ரா வருஷா வருஷம் வருவாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் நான் போவேன், ஈஸ்டர் என்றால் அவள் வருவாள்.

"அவளுக்கு வேல" என்றேன்.

மே 1, வியாழன்

மே தினம், கம்பெனி லீவு. வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ரெண்டு பஸ் மாறி ஜெயசித்ராவின் ஊரான காட்டேரிக்குப்பம் போனேன். எதற்குப் போனேன்? சொல்லிவிடவா, சும்மா பார்த்துவிட்டு வரவா? இறங்குகிற வரைக்கும் தெரியாது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூலிக்கு மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரலெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாக்கா! போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. பர்மனென்ட்டுன்னா அவ்ளோ கிராக்கியா?"

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நீயாவது தப்பிச்சியேக்கா. எனுக்குப் போனாக் கூட பரவால்ல, ஷெரின் படிப்பு இருக்குதுன்னு வேண்டிக்கினே இருந்தேன்."

கீழே சிந்தியிருந்த காய்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

உள்ளே போய் ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்தாள். "கம்பெனிலேருந்து ரிஜிஸ்டர் தபால்ல வந்துச்சு. யார்கிட்டயும் காட்டல. எனுக்கு எல்லாம் படிச்சுக் காட்டறது நீதான, நீ வருவேன்னு வச்சிருந்தேன். மொத பேப்பரு இங்கிலீஷு. ரெண்டாவது தமிழு, எழுத்து அழகா கீது. இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சு சொல்லுக்கா."

ரெண்டாவது பேப்பர் என் கடிதத்தின் ஜெராக்ஸ்.

அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, இப்போது வரைக்கும் எனக்குத் தெரியலை. பத்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ரிஜிஸ்டரைப் பார்த்தவள். படிக்கத்தான் தெரியாது, கண் இருக்குதே.

என்ன வேண்டுமானாலும் படித்திருக்கலாம். சுப்பராயலு எழுதியது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஐயோ, வந்துச்சு.

படித்தேன். முதல் வரியிலிருந்து. 'மிஷின் வேலை செய்யவில்லை என்பதை ஜெயசித்ரா என்னிடம் கூறவில்லை.' 'அவர் பேச்சை நம்பிக் கையெழுத்திட்டேன்.' கடைசியில், 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, கிரேஸ் மேரி.'

அவள் உட்கார்ந்து செடியை எடுத்துக்கொண்டாள். நாலைந்து காய் ஆய்ந்தாள்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன். பாதியில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். முடித்தேன்.

"நான் உன்கிட்ட சொன்னேன்" என்றாள்.

"சொன்னடி."

"வூட்டுக்காரர் மாதிரின்னு சொன்னேன். நீ சிரிச்ச."

"ஆமாடி சித்து."

பேப்பரை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்துக் கவருக்குள் வைத்தாள். "நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு. அத வுட்டா ஆறரைக்குத்தான். கெளம்பு."

அக்கா என்று சொல்லவில்லை.

மே 2

ஷெரினிடம் சொன்னேன். எல்லாவற்றையும். ஒரு வார்த்தை திட்டவில்லை. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "நாந்தாம்மா உனக்கு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். பிறகு அழுதாள். திட்டியிருக்கலாம்.

மே 5, திங்கள்

தொழிலாளர் ஆபீசுக்கு எழுதினேன். மிஷின் கத்தாததை ஜெயசித்ரா சொன்னது, நான் சாரிடம் சொன்னது, அவர் போடச் சொன்னது, நான் போட்டது, அப்புறம் பொய்யாக எழுதிக் கொடுத்தது. எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஷெரின் திருத்தி எழுதட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

மே 9

கம்பெனிக்கும் ஒரு காப்பி கொடுத்தேன். மத்தியானமே கேட்டுக்கு வெளியே. சுப்பராயலு சார் என்னைப் பார்க்கவில்லை. புதுப் பெண் மட்டும் ஓடி வந்து, "அக்கா, நாளைலேருந்து ரிஜிஸ்டர்ல யாரு கையெழுத்துப் போடறது?" என்று கேட்டது.

"யாரு குச்சி வுடறாங்களோ அவங்க போடட்டும்மா" என்றேன்.

மே 20

பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை கூட நாற்று வயலுக்குக் கூலி வேலைக்குப் போகிறேன். இடுப்பு போய்விட்டது. அவள் நடை இப்போது என்னை விட வேகம். 'சிலிண்டர்' பட்டப்பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தனிஸ்லாஸ் ராத்திரிச் சோற்றை எனக்கு முதலில் போடுகிறார்.

ஜூன் 10, செவ்வாய்

புதுச்சேரி ஆபீசில் இன்றைக்கு விசாரணை. இந்த டைரியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரி 19-ஐ ஆபீசர் படித்தார். வூட்டுக்காரர் விஷயம் வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். "இது உங்களுக்கே எதிரா இருக்கேம்மா, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். லைனிலிருந்து யாரும் சாட்சிக்கு வரவில்லை, மிஷின் கத்தவில்லை என்று அவள் சொன்னதற்கு இந்த ஒரு பக்கம்தான் சாட்சி. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்க வழி இருக்கிறதாம். எனக்கு இல்லை, கேஸ் வந்தாலும் வரலாம்.

ஜெயசித்ரா பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். நான் இந்தக் கோடியில். நடுவில் நாலு பேர் உட்காரலாம், யாரும் உட்காரவில்லை. அவளை ரேகை வைக்கச் சொன்னார்கள். மை ஒட்டிய விரலைத் துடைக்கத் துணி தேடினாள். என் முந்தானை வரைக்கும் என் கை போய்விட்டது. அவள் சுவரில் துடைத்துக்கொண்டாள்.

படி இறங்கும்போது பின்னாலிருந்து, "இந்தா" என்றாள். என் டப்பா. மார்ச்சிலிருந்து அவளிடம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவளுடையது வீட்டில் இருக்கிறது, அடுத்த தடவை எடுத்து வருகிறேன் என்றேன். அவள் படி இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வில்லியனூர் வரைக்கும் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். ஆட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். நன்றாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்திருக்கிறாள். மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஓர் உப்புக்கல் கூட இல்லை.